இரண்டடித் தொட்டியில் ஆப்பிரிக்க சிக்லிட்: கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களைச் சிறிய தொட்டிகளில், ஒரு தொட்டிக்கு ஓர் இனம் என்ற முறையில் வளர்ப்பவர்களும் வளர்க்க விரும்புபவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மேலூரிலிருந்து ஓர் ஆசிரியர்: இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி வைத்திருக்கிறேன். பல நிறங்களில் மலாவி ஏரி மீன்கள் பத்து விடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். விடலாமா, ஐயா?

விட வேண்டாம். அந்தத் தொட்டியை விளிம்புவரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான் கொள்ளும். மணலும் கல்லும் போனால் 45 லிட்டர் நிற்கலாம். கடையில் ஓர் அங்குலக் குஞ்சுகளாக நீந்தும் மலாவி மீன்கள் பெரும்பாலும் எம்புனா எனப்படும் பாறைவாழ் இனங்களாகும். அவை நான்கைந்து அங்குலம் வளர்வதோடு, ஆண் மீன் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். நான்கடித் தொட்டியில் விரட்டப்படும் மீன் ஒதுங்கிக்கொள்ள ஒரு மூலையாவது கிடைக்கும். உங்கள் தொட்டியில் அது கிடைக்காது. சாதுவான இனம் என்று பெயரெடுத்த எல்லோ லேப் மீனுக்குக்கூட மூன்றடிக்குக் குறைந்த தொட்டியை நான் பரிந்துரைப்பதில்லை. இனங்களைக் கலந்து விட்டால் அவை தமக்குள் கலந்து, எந்தப் பெயரிலும் அடங்காத குஞ்சுகளை ஈனும் என்பதும் உண்டு.

உங்கள் தொட்டிக்கு உகந்தவை டாங்கனிகா ஏரியின், நத்தை ஓடுகளில் குடியிருக்கும் சிக்லிட்டுகள். நான்கு நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஏரி ஏறத்தாழ 1,470 மீட்டர் ஆழமுள்ளது. நியோதௌமா என்ற நத்தையின் காலி ஓடுகள் அதன் அடித்தரையில் பல இடங்களில் படுகைபோலக் குவிந்து கிடக்கின்றன; அந்த ஓடுகளே இம்மீன்களுக்கு வீடு, மறைவிடம், முட்டையிடும் அறை எல்லாம். இவற்றுள் மிகச் சிறியது, 1906-இல் விலங்கியலாளர் பூலெஞ்சர் விவரித்த நியோலாம்ப்ரோலாகஸ் மல்டிஃபேசியேட்டஸ். வளர்ப்பவர்கள் சுருக்கமாக மல்டி என்பார்கள். ஆண் இரண்டு அங்குலத்தை எட்டுவதே அரிது, பெண் அதனினும் சிறியது. தரையை ஒட்டியே வாழ்வதால் இவற்றுக்குத் தொட்டியின் உயரம் பொருட்டில்லை, தரைப்பரப்பே கணக்கு. உங்கள் தொட்டியில் ஒரு மல்டிக் குடும்பம் பல தலைமுறைகளாகப் பெருகி வாழ முடியும்.

திருநகரிலிருந்து: எங்கள் போர் தண்ணீர் பாத்திரங்களில் வெள்ளைப் படிவு விடுகிறது. டிடிஎஸ் மீட்டர் 1,100 காட்டுகிறது. ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமா? (வாடிப்பட்டியிலிருந்தும் ஏறத்தாழ இதே கேள்வி வந்திருக்கிறது.)

இந்த ஊரில் மீன் வளர்ப்பவர் பலர் தண்ணீரைக் குறைகூறியபடியே, அதற்குச் சற்றும் ஒவ்வாத மென்னீர் மீன்களை வாங்கிவந்து அல்லல்படுகிறார்கள். தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே எளிய வழி. டாங்கனிகா ஏரியின் பிஎச் (அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு; 7 நடுநிலை) ஏறத்தாழ 8.6 முதல் 9.2 வரை இருக்கும். அது கார்பனேட் உப்புகள் செறிந்த தண்ணீர். காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுகிறது என்றால் உங்கள் போர் தண்ணீரிலும் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் தாராளமாக உள்ளன என்று பொருள். பிஎச் அளவைத் தடுமாறாமல் பிடித்து நிறுத்துபவை அவையே. அந்தத் தண்ணீரை ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்து உப்பை நீக்கிவிட்டு, பிறகு கடையிலிருந்து சிக்லிட் உப்பு வாங்கிக் கலப்பது வீண் செலவு.

ஆனால் டிடிஎஸ் மீட்டர் மொத்தக் கரைபொருளின் அளவை மட்டுமே சொல்லும். எந்த உப்பு என்று சொல்லாது. வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரில் சாதாரண உப்பு மிகுந்திருக்கும், படிவு மட்டும் விட்டுக் கரிக்காத தண்ணீரில் சுண்ணமும் மக்னீசியமும் மிகுந்திருக்கும். பின்னதை அப்படியே பயன்படுத்தலாம். முன்னதாக இருந்தால், அல்லது அளவு 1,000-ஐத் தாண்டினால், மொட்டைமாடியில் பிடித்த மழைநீரையோ கேன் தண்ணீரையோ பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். ஏரித் தண்ணீரின் மின்கடத்துதிறன் (கரைந்த உப்பு கூடினால் இதுவும் கூடும்) சுமார் 650 மைக்ரோசீமென்ஸ்தான் என்பதால், உங்கள் தண்ணீர் அதைவிட உப்பு கூடியதே.

இன்னொன்று. போரிலிருந்து அப்போதே இறைத்த தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு, பிஎச் அளவைத் தாழ்த்திக் காட்டும். ஒரு வாளியில் பிடித்து, ஒரு நாள் முழுவதும் ஏர் பம்ப் ஓடவிட்டு, அதற்குப் பிறகு அளந்தால்தான் உண்மையான அளவு தெரியும். மாநகராட்சித் தண்ணீராக இருந்தால், அந்த ஒரு நாளில் குளோரினும் பெரும்பாலும் வெளியேறிவிடும்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அந்த ஆப்பிரிக்க நத்தை ஓட்டுக்கு எங்கே போவது, ஐயா?

எங்கும் போக வேண்டாம், தம்பி. உங்கள் ஊர்க் கண்மாய் வற்றும்போது கரையிலும் வயல் வரப்பிலும் கிடக்கும் நத்தை ஓடுகளே போதும். எலுமிச்சம்பழ அளவும், தாராளமான வாயும், உள்ளே வழுவழுப்பான சுருளும் உடைய அந்த ஓடு மல்டிக்கு மிகப் பொருந்தும். வெயிலில் காய்ந்து சதை முற்றிலும் போன ஓடுகளாகப் பொறுக்கிக் கால்மணி நேரம் கொதிக்கவைத்து, வேகமாக உதறி, முகர்ந்து பாருங்கள். சிறிதளவு நாற்றம் இருந்தாலும் மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். கொதித்துத் தப்பிய ஒரு துணுக்குச் சதையே சிறு தொட்டியின் தண்ணீரைக் கெடுத்துவிடும். ஒரு மீனுக்கு மூன்று ஓடுகளாவது இருக்கட்டும், கூடினால் இன்னும் நல்லது.

இராமேஸ்வரம் கடைகளில் விற்கும் மெருகேற்றிய சிப்பிகளும் சங்குகளும் வேண்டாம். வார்னிஷ் பூசியிருக்கக்கூடும், உட்புறம் ஒடுங்கும் சுருளில் மீன் சிக்கிக்கொள்ளவும் கூடும்.

மணல் இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். இம்மீன்கள் வாயால் மணலை அள்ளித் துப்பி, ஓட்டைத் தாம் விரும்பிய கோணத்தில் புதைத்துக்கொள்ளும். நீங்கள் அழகுக்காக அடுக்கியது இரண்டு நாளில் இடம் மாறியிருக்கும். கட்டட வேலையில் மிஞ்சிய நைஸ் ஆற்றுமணலைச் சலித்து, தண்ணீர் தெளியும்வரை கழுவிப் பயன்படுத்தலாம். எம்-சாண்டின் கூர்முனைகள் மீனின் வாய்க்கு ஆகாது.

அண்ணாநகரிலிருந்து: புதுத் தொட்டியில் மூன்றாம் நாளே மூன்று மீன்கள் இறந்தன. தண்ணீர் பளிங்காகத்தான் இருக்கிறது. காரணம் என்ன?

அம்மோனியா. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இந்த விதி எல்லா மீனுக்கும் பொது. ஆனால் சிக்லிட் தொட்டியில் தண்டனை கடுமையானது. பிஎச் 7 உள்ள தண்ணீரில், 30 டிகிரி வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். அதே வெப்பத்தில் பிஎச் 8.5 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு நச்சாகிவிடும். ஆகவே கப்பி மீன் தாங்கிய அவசரத்தைச் சிக்லிட் தாங்காது. நண்பர் எவருடைய பழைய தொட்டியிலிருந்தாவது, நோயில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாங்கிப் பொருத்தினால் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

பழங்காநத்தத்திலிருந்து ஓர் இல்லத்தரசி: சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 33 டிகிரிக்குப் போகிறது; மின்சாரமும் போய்விடுகிறது. மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. என்ன செய்வது, ஐயா?

மதுரையில் இம்மீன்களுக்கு உண்மையான பகை இதுதான், அம்மா. 24 முதல் 27 டிகிரிவரை அவற்றுக்கு இதமானது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கொள்ளும். 33 டிகிரியில் அது 7.2 ஆகக் குறையும், அதே சூட்டில் மீனின் தேவையோ கூடும். பகலில் வெயில் படாத, மேல்மாடிக் கூரையை ஒட்டாத அறைக்குத் தொட்டியை மாற்றுங்கள். மூடியைத் திறந்து வலை விரித்து, நீர்ப்பரப்பின்மேல் படும்படி ஒரு சிறு மின்விசிறியை வையுங்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால் இரண்டு மூன்று டிகிரி குறையும். நம்முடைய வறண்ட கோடையில் இம்முறை, புழுக்கமான கடற்கரை ஊர்களில் வேலை செய்வதைவிட நன்றாகவே வேலை செய்யும்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். குறைந்த அளவை மீண்டும் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் கோடை முடிவதற்குள் உப்பு ஏறிவிடும். இப்படி இட்டு நிரப்புவதற்கு மட்டும் மழைநீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள். வாரந்தோறும் கால்பங்கு மாற்றும்போது வழக்கமான தண்ணீரையே ஊற்றலாம்.

மின்தடைக்கு, மின்சாரம் நின்றவுடன் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வாங்கிவிடுங்கள். மீன்களின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை சிறிது. கடும் வெப்ப நாள்களில் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். பனிக்கட்டியை நேராகத் தொட்டியில் போட வேண்டாம், திடீர் மாற்றம் சூட்டைவிடக் கொடியது. மார்கழியிலும் வீட்டுக்குள் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

வாடிப்பட்டியிலிருந்து: ஆண், பெண் எப்படிப் பிரித்து வாங்குவது? எட்டு மாதமாக வளர்த்தும் குஞ்சே காணோம்.

மல்டியில் சிறு வயதில் பிரித்தறிய முடியாது. ஆறு முதல் எட்டு இளம் மீன்களாக வாங்கினால் அவையே தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். நத்தை ஓட்டில் வாழும் ஆசிலேட்டஸ் என்ற இனமாக இருந்தால், பெண்ணின் முதுகுத் துடுப்பு விளிம்பு பெரும்பாலும் வெண்மையாகவும் ஆணுடையது பொன்னிறமாகவும் தெரியும். இந்த ஆசிலேட்டஸில், இரண்டடித் தொட்டியில் ஓர் ஆணுக்கு இரண்டு பெண்களுக்கு மேல் வேண்டாம். இரண்டு ஆண்கள் கூடவே கூடாது.

குஞ்சு காணோம் என்கிறீர்களே, தொட்டியில் வேறென்ன மீன் இருக்கிறது? கண்ணாடிப் பாசியைத் தின்னட்டும் என்று விட்ட சக்கர் மீன் இருந்தால் அதை உடனே எடுத்துவிடுங்கள். இரவெல்லாம் தரையைத் துழாவி மீன்களை அமைதியாக இருக்கவிடாது. ஒரு தொட்டிக்கு ஓர் இனம் என்று வற்புறுத்துவதற்கு முதன்மையான காரணமே இதுதான். பெண் ஓட்டின் உட்சுவரில் முட்டையிடும். இரண்டு மூன்று நாளில் பொரிந்தாலும், குஞ்சுகள் ஓட்டின் வாயருகே தலைகாட்ட மேலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆகவே நீங்கள் காணாததால் இல்லை என்று ஆகாது. இரவில் விளக்கணைத்துச் சற்று நேரம் கழித்து, மங்கலான டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். உண்மையிலேயே இல்லையென்றால், ஒன்றிரண்டு டிகிரி குளிர்ந்த தண்ணீரால் கால்பங்கு மாற்றி, உயிர்த்தீனி கொடுங்கள்; பலமுறை அதுவே போதுமானதாக இருக்கும்.

குஞ்சுகளுக்குப் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவுக்கு (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிர்) நிகர் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் அயோடின் கலக்காத கல்லுப்பைக் கரைத்து, ஆர்ட்டீமியா முட்டைகளைப் போட்டுக் காற்று கொடுத்தால், நம் வெப்பத்தில் ஒரே நாளில் பொரிந்துவிடும். மூத்த குஞ்சுகளைத் தனியே பிரிக்க வேண்டியதில்லை. மல்டி தன் கூட்டத்துக் குஞ்சுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

அலங்காநல்லூரிலிருந்து: டாங்கனிகா ஏரியின் இன்னொரு சிக்லிட்டான ப்ரிச்சார்டி ஆறு விட்டேன். இப்போது இரண்டு மட்டுமே இருக்கின்றன.

அந்த இரண்டும் இணை சேர்ந்து மற்ற நான்கையும் கொன்றிருக்கின்றன. அது அவ்வினத்தின் இயல்பு. இனி அந்த இணையின் குஞ்சுகளே அங்கு வளரட்டும். முந்தைய ஈற்றின் குஞ்சுகள் பெற்றோரை விட்டு விலகாமல், பின்னே பிறந்த தம்பி தங்கைகளுக்குக் காவல் நிற்பதை நீங்களே காண்பீர்கள். இவை நான்கு அங்குலம்வரை வளர்வதால் மூன்றடித் தொட்டிக்கு மாற்றுவது நல்லது.

செல்லூரிலிருந்து: கிரிபென்சிஸ் இருமுறை குஞ்சு பொரித்தது, ஏறத்தாழ எல்லாம் பெண்கள். ஏன்?

குஞ்சுப் பருவத்துத் தண்ணீரின் பிஎச் இவ்வினத்தில் பால் விகிதத்தை மாற்றும். அமிலத்தன்மை மிகுந்தால் ஆண்களும், நடுநிலையை நெருங்கினால் பெண்களும் கூடுதலாக வரும். இது ஏரி மீனன்று; நைஜீரியா, கேமரூன் பகுதிகளின் ஆற்று மீன். இதற்குத்தான் மழைநீரைச் சேமிக்க வேண்டும்.

திருமங்கலத்திலிருந்து: மிகுந்த குஞ்சுகளை விற்று வருமானம் பார்க்க முடியுமா? இல்லையென்றால் கண்மாயில் விட்டுவிடலாமா?

வருமானம் என்று பெரிதாக எண்ண வேண்டாம். மல்டி ஓர் ஈற்றுக்கு மிகச் சில குஞ்சுகளே தரும், அவையும் மெதுவாக வளரும். சென்னை கொளத்தூர்ச் சந்தைக்கு அனுப்பும் அளவு சேர்க்க உங்களுக்குப் பல தொட்டிகள் தேவைப்படும். உள்ளூர்க் கடையில் கொடுத்துத் தீனியாக ஈடுகட்டிக்கொள்வது நடக்கக்கூடியது.

கண்மாயில் விடவே கூடாது. நம் சந்தையில் விற்கும் ஜிலேபிக் கெண்டையும் ஓர் ஆப்பிரிக்க சிக்லிட்தான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன், முட்டையை வாய்க்குள் வைத்துக் காத்து எங்கும் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒத்தக்கடையிலிருந்து: ஒரு வாரம் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டாரிடம் தீனி போடச் சொல்லலாமா, ஐயா?

வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் தீனியின்றித் தாங்கும். பழக்கமில்லாதவர் அன்பின் மிகுதியால் கொட்டும் தீனிதான் ஆபத்து. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள், ஏர் பம்ப்பை இன்வெர்ட்டர் இணைப்பில் மாட்டுங்கள். குஞ்சுகள் இருந்தால் மட்டும் ஒரு நாளைக்கு ஒன்று என்று தூள் தீனியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிக் கொடுத்து, மிச்சப் புட்டியைப் பூட்டிவைத்துவிட்டுச் செல்லுங்கள்.