கிராங்க் சீல் ஒழுகுகிறதா? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. கிராங்க்‌ஷாஃப்ட் இன்ஜினை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும் இரண்டு முனைகளிலும் ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் வளையமான ஓர் ஆயில் சீல் உட்கார்ந்திருக்கும்: முன்னால் புல்லிக்குப் பின்னே ஒன்று, பின்னால் பிளைவீலுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒன்று. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் அடியில் ஆயில் சொட்டுகிறது. மெக்கானிக் குனிந்து பார்த்த உடனே, "பேக் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்கிறார். இறக்கச் சொல்லிவிடலாமா?

பதில்: அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். பார்த்த உடனே சொன்னார் என்பதுதான் இடிக்கிறது. ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. டேப்பெட் கவர் கேஸ்கெட்டின் பின் மூலை கசிந்தாலும், ஆயில் பிரஷர் சுவிட்ச் கசிந்தாலும், ஆயில் பிளாக்கின் பின்புறமாக வழிந்து பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) இறங்கி, பேக் சீல் போனது போலவே அதே இடத்தில்தான் சொட்டும். வண்டி ஓடும்போது அடிக்காற்று வேறு எல்லாவற்றையும் பின்பக்கமாக இழுத்துப் பூசிவிடும்.

முதலில் சொட்டும் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். இன்ஜின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். கியர் ஆயிலை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும், கந்தக வாடை குப்பென்று அடிக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. கியர் ஆயிலோ ஆட்டோமேட்டிக் ஆயிலோ என்றால் கிராங்க் சீலுக்கு இதில் சம்பந்தமே இல்லை.

இன்ஜின் ஆயில்தான் என்று தெரிந்தால், மேலிருந்து கீழ்வரை டிகிரீசர் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரைத் தூவுங்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தால் பவுடரில் ஆயில் வந்த தடம் தெரியும். அந்தத் தடத்தை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டே போங்கள். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலந்து பார்ப்பது இன்னும் தெளிவான வழி. கியர்பாக்ஸை இறக்கும் வேலையோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

கேள்வி: பேக் சீல் மாற்றி இரண்டே மாதம். மறுபடியும் அதே இடத்தில் ஒழுகுகிறது. சீல் மட்டமானதா, போட்டவர் சரியில்லையா?

பதில்: இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும்.

கிராங்க் சீல், ஆயில் பம்பின் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்ட சாமான் கிடையாது. மெயின் பேரிங்கிலிருந்து வெளியேறும் ஆயில், சீலுக்கு முன்னாலேயே வடிகால் வழியாக அடியிலிருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்கிவிடும். சீலுக்கு வந்து சேர்வது தெறிக்கிற ஆயில்தான். அதை வழித்து உள்ளே அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. இந்த வேலை ஒழுங்காக நடக்க வேண்டுமானால் இன்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறக் கூடாது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு, ப்ரீதர் குழாய், பிசிவி வால்வு (இந்த வாயுவை வெளியே விடும் வால்வு) வழியாக இன்டேக்குக்குப் போய்விட வேண்டும். அந்த வழி கசடு பிடித்து அடைத்துக்கொண்டால், உள்ளே சேரும் வாயு தனக்கொரு வாசலைத் தேடும். கிடைப்பது சீலின் லிப், அதாவது ஷாஃப்ட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள் விளிம்பு. அப்படிப்பட்ட இன்ஜினில் எத்தனை புது சீல் போட்டாலும் கதை ஒன்றுதான்.

சோதிப்பது எளிது. பெட்ரோல் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்துப் பிடித்தால் நல்லது. காகிதம் படபடவென்று எழும்பித் தூக்கினால் ப்ரீதர் அடைத்திருக்கிறது, அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக, மூடியை எடுக்கவே முடியாத அளவுக்கு உறிஞ்சினால் பிசிவியின் உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம். அப்போது வெளிக்காற்று சீல் வழியாகவே உள்ளே இழுபட்டு விசில் மாதிரிச் சத்தம் வரும். சத்தத்தைக் கேட்டு பெல்ட்டையும் பேரிங்கையும் மாற்றிவிட்டு விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ப்ரீதர் சுத்தம் என்றால் அடுத்த சந்தேகம் பொருத்திய விதத்தின் மேல். லிப் உள்பக்கமாக மடிந்திருக்கலாம். சீல் ஒரு பக்கம் சாய்ந்து இறங்கியிருக்கலாம். சுத்தியலால் நேராகத் தட்டியதில் லிப்பைச் சுற்றியிருக்கும் மெல்லிய ஸ்பிரிங் துள்ளிக் கழன்றிருக்கலாம். சில சீல்களின் லிப்பில் ஆயிலை உள்ளே தள்ளுவதற்காகச் சாய்வான வரிகள் இருக்கும். அவை ஒரு திசைச் சுழற்சிக்கு மட்டுமே வேலை செய்யும். அம்புக்குறியைப் பார்க்காமல், அளவு மட்டும் சரியாக இருந்ததென்று வேறு இன்ஜினின் சீலைப் போட்டால் அது ஆயிலை வெளியே இறைத்துக்கொண்டிருக்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். முன் சீல். பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். ஸ்டார்ட் செய்து அரை மணி நேரத்தில் சொட்டு. கழற்றினால் லிப்பில் ஒரே இடத்தில் நகத்தால் கீறியது போல ஒரு வெட்டு. கிராங்க் முனையில் புல்லியின் சாவி உட்காரும் கீவே பள்ளத்தின் விளிம்பு பிளேடு மாதிரி இருந்திருக்கிறது. சீலைத் தள்ளும்போது லிப் அதன் மேல் உரசிக்கொண்டே போயிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு சுற்று வழவழப்பான டேப் ஒட்டாமல் நான் எந்த சீலையும் ஏற்றியதில்லை. சீல் உட்கார்ந்ததும் டேப்பை உருவிவிட வேண்டும், அதையும் ஒருமுறை மறந்திருக்கிறேன்.

இவை எதுவுமே இல்லையென்றால் கிராங்கையே பாருங்கள். மெயின் பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடினால் எந்த லிப்பாலும் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது.

கேள்வி: பழைய சீலைக் கழற்றியபோது ஷாஃப்ட்டில் மோதிரம் போட்டது போல ஒரு கோடு தெரிந்தது. ரப்பர் எப்படி இரும்பைத் தேய்க்கும்? அப்படியே புது சீலைப் போடலாமா?

பதில்: ரப்பர் தேய்ப்பதில்லை, அதில் ஒட்டிக்கொண்ட தூசும் கரியும் தேய்க்கின்றன. எமரி தாளை ஒரே இடத்தில் வைத்து வருடக்கணக்கில் சுற்றியது போலத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சீல் உட்காரும் இடத்தின் விட்டம் 90 மில்லிமீட்டர் என்றால், நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஷாஃப்ட்டின் மேற்பரப்பு வினாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் லிப்புக்கு அடியில் ஓடுகிறது.

நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அது வெறும் பளபளப்பு, கவலை வேண்டாம். நகம் தட்டி நின்றால் புது லிப்பும் அந்தப் பள்ளத்தில்தான் போய் உட்காரும், அழுத்தம் குறைந்து ஒழுகும். சீல் உட்காரும் குழியில் இடம் இருந்தால் புது சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ நிறுத்தி, லிப்பைத் தேயாத இடத்தில் ஓடவிடலாம். ஆனால் வடிகால் துளையை மறைத்துவிடக் கூடாது. அதற்கு வழியில்லையென்றால் ஷாஃப்ட்டின் மேல் ஏற்றும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் கிடைக்கிறது. அதன் தடிமன் கால் மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் வழக்கமான அளவு சீலையே அதன் மேல் போடலாம். எமரி தாளை நீளவாக்கில் தேய்த்துப் பள்ளத்தை "எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீளவாக்குக் கீறல் ஒவ்வொன்றும் ஆயிலுக்கு ஒரு வாய்க்கால்.

கேள்வி: சீலின் லிப்பில் ஆயில் தடவிப் போட வேண்டும் என்கிறார்கள் சிலர். உலர்வாகத்தான் போட வேண்டும் என்கிறார்கள் சிலர். எது சரி?

பதில்: கையிலிருக்கும் சீலைப் பார்க்காமல் சொல்ல முடியாது. லிப்பில் சிறு ஸ்பிரிங் சுற்றியிருக்கும் வழக்கமான ரப்பர் சீல் என்றால் ஆயில் தடவித்தான் போட வேண்டும், இல்லையென்றால் முதல் சில வினாடிகளிலேயே லிப் காய்ந்து கருகும். ஸ்பிரிங் பக்கம் ஆயிலைப் பார்த்து, அதாவது இன்ஜினுக்கு உள்பக்கமாக இருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கே இல்லாமல், அகலமான வழவழப்பான லிப்போடு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தின் மேல் ஏற்றி வந்தால் அது பிடிஎஃப்இ வகை, டெஃப்லான் குடும்பம். அதில் ஆயில், கிரீஸ், விரல் ஈரம் எதுவும் படக் கூடாது. ஷாஃப்ட்டும் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். லிப்பிலிருந்து ஒரு மெல்லிய படலம் ஷாஃப்ட்டுக்கு ஏறிப் படிவதால்தான் அது அடைக்கிறது, நடுவில் ஆயில் இருந்தால் படியாது. பிளாஸ்டிக் வளையத்தை முன்கூட்டியே கழற்றி எறிந்துவிடாதீர்கள், அதை ஷாஃப்ட் முனையில் வைத்து அதன் மேலேயே சறுக்கி ஏற்ற வேண்டும். லிப் சுருங்கித் தன் வடிவத்துக்கு வர நேரம் வேண்டும் என்பதால் பொருத்திய பின் சுமார் 4 மணி நேரம் இன்ஜினைத் தொட வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ரப்பர் சீலுக்குப் பழகிய கை இதற்கும் ஆயில் தடவிவிடும். திரும்பி வரும் வேலைகளில் இந்த ரகமும் உண்டு.

கேள்வி: முன் சீலை நானே மாற்றலாம் என்றிருக்கிறேன். புல்லி போல்ட்டைக் கழற்ற, கம்பியை முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்கிறார் நண்பர்.

பதில்: வேண்டாம். கம்பி எந்தப் பக்கம் பறக்கும் என்று நண்பருக்கும் தெரியாது. புல்லியைப் பிடித்துக்கொள்ளும் கருவியும் நீளமான பிரேக்கர் பாரும் வைத்துக் கழற்றுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. சில இன்ஜின்களில் டைமிங் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சாவியே கிடையாது. அந்த ஒரு போல்ட்டின் இறுக்கம்தான் அதை ஷாஃப்ட்டோடு பிடித்து வைத்திருக்கிறது. போல்ட்டைத் தளர்த்திய நொடியில் டைமிங் போய்விடும். கிராங்கையும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் லாக் செய்யும் பின்கள் இல்லாமல் அப்படிப்பட்ட இன்ஜினில் கை வைத்தால், மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளலாம். உங்கள் இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இதை முதலில் பாருங்கள். போல்ட்டை ஒருமுறை கழற்றினால் புதிது போட வேண்டுமா, எவ்வளவு டார்க்கில் (இறுக்கும் விசை) முறுக்க வேண்டும், அதற்கு மேல் எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

பழைய சீலை நெம்பும்போது ஸ்க்ரூடிரைவர் முனையில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் புது சீல் வீண். புதியதை உள்ளே தள்ள, சீலின் வெளி விளிம்பில் உட்காரும் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டோ பெரிய சாக்கெட்டோ போதும், நான்கு பக்கமும் சமமாக இறங்க வேண்டும். பழையது எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதைக் கழற்றும் முன்பே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

டைமிங் பெல்ட்டின் மேல் ஆயில் பட்டிருந்தால் துடைத்துவிட்டு மாட்டாதீர்கள். ஆயில் குடித்த ரப்பர் உப்பிப் பல் பெயரும். பெல்ட்டையும் மாற்றுங்கள், கையோடு கேம் சீல்களையும்.

கேள்வி: கிளட்ச் வழுக்குகிறது, பேக் சீலும் ஒழுகுகிறது. கியர்பாக்ஸ் இறங்கும்போது வேறு என்னென்ன மாற்ற வேண்டும்?

பதில்: ஆயில் ஊறிய கிளட்ச் பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடும் பழக்கம் உண்டு. சூடானதும் உள்ளே ஊறியிருப்பது மறுபடி கசிந்து வரும், பிளேட்டை மாற்றிவிடுங்கள். ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் இரண்டையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பிளைவீல் போல்ட் துளைகள் சில இன்ஜின்களில் கிராங்கைத் துளைத்து உள்ளேவரை போகும். அங்கே போல்ட் மரையில் சீலன்ட் தடவாமல் விட்டால் ஆயில் மரை வழியாக வரும், பழி சீலின் மேல் விழும். சீல் உட்காரும் தட்டு சம்ப்போடு சேரும் இரண்டு கீழ் மூலைகளும் அப்படித்தான். கேஸ்கெட் பேஸ்ட் அங்கே ஒரு பொட்டு போதும். அள்ளி அப்பினால் பிதுங்கி உள்ளே விழுந்து, ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: சிந்தெடிக் ஆயிலுக்கு மாறிய பிறகுதான் ஒழுக ஆரம்பித்தது. ஆயில்தான் காரணமா?

பதில்: ஆயில் சீலைக் கெடுத்திருக்காது. வெடித்துப்போன லிப்பின் இடுக்குகளைப் பழைய கசடு அடைத்துக்கொண்டிருந்திருக்கும், புது ஆயில் அதைக் கழுவிவிட்டது.

கேள்வி: கசிவை நிறுத்த ஆயிலில் ஊற்றும் திரவம் வேலை செய்யுமா? எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம்?

பதில்: அது ரப்பரைக் கொஞ்சம் உப்பவைத்து இளக்கும். சூட்டில் இறுகிப்போன ரப்பர் லிப் என்றால் சில காலம் பிடிக்கலாம். வெட்டுப்பட்ட லிப்பையோ தேய்ந்த ஷாஃப்ட்டையோ அது ஒன்றும் செய்யாது, டெஃப்லான் வகையிலும் பயனில்லை.

எவ்வளவு நாள் என்பதை டிப்ஸ்டிக்கைக் கேளுங்கள். வாரம் ஒருமுறை, சமதரையில், இன்ஜின் ஆறிய பின் பார்த்துக் குறித்து வையுங்கள். ஈரக்கசிவு மட்டும், அளவு நகரவே இல்லை என்றால் அடுத்த கிளட்ச் வேலைவரை பேக் சீலை விட்டுவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அளவு இறங்கினால், எக்ஸாஸ்ட் குழாயில் பட்டுப் புகை வந்தால், கிளட்ச் வழுக்கினால் தள்ளிப்போடாதீர்கள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் முன் சீல் என்றால் சொட்டு வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், பெல்ட் கவருக்குள் ஈரம் தெரிந்தாலே பிரித்துவிடுங்கள்.