கோட்பாடு தோற்றதா, சோதனை தோற்றதா?

கேள்வி: ஒரு வேலையில் சுயகட்டுப்பாட்டைச் செலவழித்தால் அடுத்த வேலைக்கு அது குறைந்துவிடும் என்ற கோட்பாட்டை முனைவர் பட்டத்துக்காகச் சோதித்தேன். குழுவுக்கு 40 பேர். வித்தியாசம் வரவில்லை (திட்டவிலக்க அலகில் விளைவு 0.10; வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவாவது வரும் வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பு 0.66). "கொடுத்த வேலை போதுமான அளவு களைப்பாக்கவில்லை என்று எழுதும்மா" என்கிறார் நெறியாளர். "கோட்பாடே பொய்" என்கிறாள் தோழி. எதை எழுதுவது?

பதில்: இரண்டையும் எழுதாதீர்கள். 40 பேர் வைத்துப் பார்த்தால் உங்கள் விளைவின் 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது தரவோடு பொருந்தும் விளைவுகளின் வீச்சு, சுமார் −0.34 முதல் 0.54 வரை போகும். விளைவே இல்லை என்பதும் இதற்குள் வருகிறது, நடுத்தர விளைவு உண்டு என்பதும் வருகிறது. தோழியின் முடிவுக்கு இந்தத் தரவு போதாது.

நெறியாளரின் வாதத்தில் நியாயம் உண்டு. கோட்பாடு தனியாகச் சோதனைக்கு வருவதில்லை. கொடுத்த வேலை, அளந்த முறை பற்றிய அனுமானங்களும் கூடவே வருகின்றன. கணிப்பு பொய்த்தால் பிழை எங்கே என்று தர்க்கம் மட்டும் சொல்லாது. இயற்பியலை வைத்து பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் டுஹெம் 1906லேயே இதைக் காட்டிவிட்டார். ஆனால் வித்தியாசம் வந்திருந்தால் அதே வேலையை யாராவது குறை சொல்லியிருப்பார்களா? முடிவு தெரிந்த பிறகு கண்டுபிடிக்கும் குறையை நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் கோட்பாட்டுக்கே இது நடந்தது. 2016இல் 23 ஆய்வகங்கள், 2,141 பேர், விளைவு 0.04. அங்கே களைப்பாக்கக் கொடுத்த வேலை, சொற்களில் ஓர் எழுத்தைத் தேடுவது. அந்தத் தேடும் பழக்கத்தை முதலில் ஊன்றவிட்டு, பிறகுதான் அதை அடக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று கோட்பாட்டின் ஆதரவாளர்களான பௌமைஸ்டரும் வோஸும் ஆட்சேபித்தார்கள். சோதித்துப் பார்க்கக்கூடிய ஆட்சேபம் என்பதால் அது மதிக்கத்தக்கது. 2021இல் வோஸ் தலைமையிலேயே 36 ஆய்வகங்கள் 3,531 பேரிடம் சோதித்தன; விளைவு 0.06.

ஆய்வேட்டில் அந்த இடைவெளியை அப்படியே கொடுங்கள். முதல் வேலை முடிந்ததும் "எவ்வளவு சிரமமாக இருந்தது?" என்று கேட்டிருந்தீர்களா? குழுக்களிடையே அதில் தெளிவான வித்தியாசம் இருந்தால் நெறியாளரின் விளக்கம் வலுவிழக்கும். கேட்கவில்லையென்றால் அதை ஆய்வின் குறை என்று எழுதலாம், காரணம் என்று எழுதக்கூடாது.

அடுத்த சோதனையில், எது நடந்தால் வேலையைக் குறை சொல்வீர்கள் என்பதைத் தரவு சேர்க்கும் முன்பே எழுதிப் பதிவு செய்யுங்கள். 0.4 அளவு விளைவை 80% வாய்ப்போடு பிடிக்க குழுவுக்கு 100 பேர் வேண்டும், 0.2 என்றால் 394. ±0.3ஐத் தாண்டிய விளைவு இல்லை என்று சொல்ல வேண்டுமானால் சமானச் சோதனை (விளைவு அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது என்று காட்டும் சோதனை) செய்யுங்கள். விளைவு உண்மையிலேயே பூஜ்யமாக இருந்தால் அதை அதே 80% வாய்ப்போடு காட்டக் குழுவுக்கு 191 பேர் போதும்.

கணிப்பில் திசையை மட்டும் சொல்லாமல் அளவையும் சொல்லுங்கள். ஆள் எண்ணிக்கை கூடக்கூட, "வித்தியாசம் பூஜ்யம் அல்ல" என்று காட்டுவது எளிதாகிக்கொண்டே போகும். கோட்பாடு தாண்ட வேண்டிய தடை தாழ்ந்துபோகும். இயற்பியலில் அளவையே கணிப்பதால், துல்லியம் கூடக்கூடத் தடை உயரும், இதற்கு நேர்மாறு என்று உளவியலாளர் பால் மீல் 1967இல் எச்சரித்தது இதைத்தான்.