பதில்: மூன்று வருட இடைவெளியும் ‘கோட்டா’ பேச்சும்

கொழிஞ்சாம்பாறைத் தங்கைக்கு,

குழந்தைக்காக மூன்று வருடம் வேலையை விட்டீர்கள். இப்போது கொச்சியில் ஒரு கம்பெனி பெண்களை மட்டும் அழைக்கிறது. போனால் ‘கோட்டாவில் வந்தவள்’ என்பார்களோ என்று தயங்குகிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே மெயிலில் கேட்டுவிடுங்கள்: கோடிங் டெஸ்ட்டும் சம்பள கிரேடும் எல்லோருக்கும் உள்ளதேதானா? ஆமாம் என்றால் பேசுகிறவர்கள் பேசட்டும். ஆறு மாத ஒப்பந்தம், தனி கிரேடு என்றால் யோசியுங்கள்.

அப்புறம் உங்கள் ரெஸ்யூமே. கணவர் பெயர், பிறந்த தேதி, போட்டோ எதுவும் வேண்டாம். அவற்றை எடுத்தாலும் ஆண்-பெண் பாகுபாடு முழுசாகப் போய்விடாது. அமேசான் சோதித்த ஆள் தேர்வு மென்பொருள், பழைய ரெஸ்யூமேக்களில் பெரும்பாலும் ஆண்களையே பார்த்துப் பழகி, ‘மகளிர்’ என்ற சொல் வந்தாலே மதிப்பைக் குறைத்தது. 2018இல் செய்தி வெளியானது. அதற்குள் அதைக் கைவிட்டிருந்தார்கள்.

நான் பாலக்காட்டுச் சித்தூர்க்காரி. வேலந்தாவளம் வழியாக பஸ் பிடித்துக் கோயம்புத்தூரில் நேர்காணலுக்குப் போனால், முதல் கேள்வியே ‘குழந்தையை யார் பார்த்துக்குவா?’ எனக்கு முன்னால் போய்வந்த ஆணுக்கும் கைக்குழந்தைதான்; அவரிடம் கேட்கவே இல்லையாம். உங்களிடம் கேட்டால், ‘வேலை நேரம் எனக்கு ஒத்துவரும்’ என்று சொல்லிவிட்டு பிராஜெக்ட் பேச்சுக்குப் போய்விடுங்கள்.

ஆஃபர் கைக்கு வந்ததும் குழந்தைகள் காப்பகம் பற்றி விசாரியுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது இருக்க வேண்டும் என்பது 2017 சட்டத் திருத்தம்.