‘லைட்’ இருக்கட்டும், ‘லைட்டா’ எதுக்கு?

கேள்வி: என் பேரனுக்கு எல்லாமே ‘லைட்டா’தான். லைட்டாப் பசி, லைட்டாத் தலைவலி, லைட்டா மழை. கண்டித்தால், “இங்கிலீஷ்ல வெளிச்சத்துக்கும் கனமில்லாததுக்கும் ஒரே வார்த்தை தாத்தா, தமிழ்ல அந்த வசதி கிடையாது” என்று மடக்குகிறான். ‘லைட்’ என்ற சொல்லையே ஒழித்துவிட்டு எல்லா இடத்திலும் ‘ஒளி’ என்று எழுத உங்கள் இதழ் முன்வருமா?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முன்வராது, ஐயா. இன்று சாயங்காலம் வீட்டில் ‘ஒளியைப் போடு’ என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பேரன் உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பான்.

அவனுடைய வாதத்தை முதலில் முடித்துவிடுவோம். ஆங்கிலத்தில் அது ஒரே சொல் இல்லை. வேர் வேறான இரண்டு சொற்கள், காலப்போக்கில் தேய்ந்து ஒரே எழுத்தும் ஒரே ஒலியுமாக வந்து நின்றுவிட்டன. வெளிச்சமான லைட்டுக்கு வடமொழியில் சொந்தம் ‘ருசி’. நாம் நாக்குக்கு வைத்துக்கொண்ட அந்தச் சொல்லுக்கு அங்கே ஒளி என்றும் பொருள் உண்டு. கனமில்லாத லைட்டுக்குப் பங்காளி ‘லகு’. நுரையீரலுக்கான ஆங்கிலப் பெயரும் இந்த இரண்டாவது வேரிலிருந்து வந்ததுதான். ஆட்டு நுரையீரலை அவர்கள் கறிக்கடையில் ‘லைட்ஸ்’ என்றே விற்றார்கள். (நம் ஆளும் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ‘நுரை’ என்று சேர்த்திருக்க வேண்டும்.) இப்படித் தற்செயலாக மோதிக்கொண்டதை வசதி என்று சொன்னால், அது தமிழிலும் நடந்திருக்கிறது. ‘இலகுதல்’ என்றால் ஒளிர்தல். ‘இலகு’ என்றால் கனமற்றது, சுலபமானது. முன்னது ‘இலங்கு’தலுக்கு உறவு, பின்னது ‘லகு’ வழி வந்தது. பேரனிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கோரிக்கை. பொருளின் பெயராக வந்த ‘லைட்’ இங்கே யார் இடத்தையும் பிடுங்கவில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசின் பிரிட்ஜில் மின் நிலையம் அமைந்து, கம்பி வழியாக வந்த சரக்கோடு கூடவே வந்த பெயர் அது. விளக்கு விளக்காகவேதான் இருக்கிறது. அந்தி சாய்ந்தால் ‘விளக்கு வைக்கிற நேரம்’. ‘லைட் வைக்கிற நேரம்’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சாமி விளக்கை ‘அணை’ என்றால் இன்றைக்கும் வீட்டில் அதட்டு விழும். குளிர வைக்க வேண்டும், மலையேற்ற வேண்டும். லைட்டுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது, ஆஃப் பண்ணினால் போதும். காசிமேட்டில் ‘லைட் போட்டுப் பிடிக்கிறது’ என்றால் அது ஒரு பெரிய சண்டையின் பெயர். ராத்திரி கடலில் எல்.இ.டி. வெளிச்சம் காட்டினால் சின்ன மீன் கூடும், அதைத் தின்னப் பெரிய மீன் வரும், மொத்தமாக வாரிவிடலாம். 2017-ல் ஒன்றிய அரசு இதற்குத் தடை போட்டது. வலையும் போச்சு, மீனும் போச்சு என்று கொதிக்கிற மனிதரை நிறுத்தி, “லைட் இல்லைப்பா, ஒளி” என்று திருத்துவீர்களா?

‘லைட்டா’ கதை வேறு. இதில் நான் உங்கள் கட்சி. ஆனால் அது ஆங்கிலம் என்பதற்காக அல்ல. அது துரத்திவிட்ட ‘லேசா’கூட ‘லேசம்’ என்ற வடசொல்லின் பிள்ளைதான். ஒரே ஆள் பத்துப் பேர் வேலையைப் பிடுங்கிக்கொண்டு, ஒன்றையும் உருப்படியாகச் செய்வதில்லை என்பதுதான் என் புகார். எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையில் ‘லைட் கலரா காட்டுங்க’ என்றால் அலமாரி பாதி கீழே இறங்கும். வெங்காயக் கலர், சந்தனக் கலர், எலுமிச்சை மஞ்சள் என்று கேட்டவர்களுக்குக் கேட்ட புடவை வந்தது.

புடவை போகட்டும், உடம்புக்கு வருவோம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி.யில் கால்கடுக்க நின்று, முறை வந்ததும் ‘லைட்டா வலிக்குது டாக்டர்’ என்கிறோம். அவருக்கு அதில் என்ன கிடைக்கும்? குத்துகிறதா, கடுக்கிறதா, இழுக்கிறதா, எரிகிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா, சுருக்கென்று வந்து போகிறதா? நெஞ்சில் பாரம் வைத்தாற்போல அழுத்துவதும், ஒரு ஏப்பத்தில் அடங்கிவிடுகிற எரிச்சலும் ஒன்றா? முதலாவதற்கு அந்த நிமிஷமே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டியிருக்கும். வலியைப் பிரித்துச் சொல்ல இத்தனை சொல் வைத்திருக்கிற மொழியில் பிறந்துவிட்டு, கையை விரித்து ‘லைட்டா’ என்பது சோம்பேறித்தனம். பேரன் தலைவலி என்றால் கண்டிக்காதீர்கள், எங்கே, எப்படி என்று கேளுங்கள். வலி நிஜமா, கணக்குப் பரீட்சையா என்பதும் தெரிந்துவிடும்.

டீக்கடைக்கு மட்டும் விலக்கு. ‘லைட்டா ஒரு டீ’ என்றால் டிகாஷன் குறைவு. மாஸ்டருக்கும் நமக்கும் அதில் தகராறு இல்லை. ‘சக்கரையும் லைட்டா’ என்று சேர்த்தால்தான் அவர் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார்: “கம்மியாவா, வேணவே வேணாமா?”