வாசகர் கேள்வி – பதில்: காலையில் கிளம்பி இரவே திரும்ப எந்தக் கடல்?

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறோம். ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. கடலையே பார்த்திராத இரண்டு பிள்ளைகளையும் முழங்கால் வலியுள்ள மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஒரே நாளில் போய்வர விரும்புகிறோம். என் கணவர் ராமேசுவரம் என்கிறார். முடியுமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: ராமேசுவரத்துக்கு ஒரு நாள் போதாது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடி, அன்றிரவே திரும்புவது முழங்கால் வலி இல்லாதவர்களுக்கே பெரும்பாடு. கடல் என்றாலே கிழக்கே பார்ப்பது கொங்கு நாட்டாருக்குப் பழகிப்போய்விட்டது. ஆனால் நமக்குக் கிட்டத்தில் இருப்பது மேற்குக் கடல்தான். பாலக்காட்டுக் கணவாய் அதற்கென்றே திறந்துவைத்த வாசல். 1862-ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து வந்த ரயில் பாதை போத்தனூர் வழியாகக் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூர்க் கடற்கரையைத் தொட்டுவிட்டது. கோவை நகருக்குக் கிளைப்பாதை வந்தது அதற்குப் பின்னர்தான்.

ஆகவே கோழிக்கோட்டுக்குச் செல்லுங்கள். கோவையிலிருந்து ரயிலில் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். கொச்சியும் அதே அளவு தொலைவுதான் என்றாலும், எர்ணாகுளத்தில் இறங்கிய பிறகு படகுத்துறைக்குப் போய், படகேறிக் கோட்டைக் கொச்சி சேர வேண்டும். பெரியவரை வைத்துக்கொண்டு அத்தனை ஏற்ற இறக்கம் வேண்டாம். கோழிக்கோட்டிலோ ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் சில நிமிடங்களில் கடற்கரை வந்துவிடும். காரில் போவதாக இருந்தால், பாலக்காட்டிலிருந்து மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணை, மலப்புறம் என்று ஊருக்கு ஊர் நின்று நகர வேண்டியிருக்கும். ரயிலே மேல். போகும்போது இடப்பக்க சன்னலோரம் பிள்ளைகளை உட்கார வையுங்கள்; ஷொறணூரைத் தாண்டியதும் குற்றிப்புறம் வரை பாரதப்புழை ஆறு அந்தப் பக்கமாகவே கூட வரும்.

இந்தப் பயணத்தில் பலர் தவறவிடுவது நேரக் கணக்கை. கிழக்குக் கரையில் காலைதான் அழகு. மேற்குக் கரையில் சூரியன் கடலில் இறங்கும் மாலைதான் அழகு. போனதும் கடற்கரைக்கு ஓடினால் உச்சி வெயிலில் சுடுமணலில் நின்று பிள்ளைகள் அழுவார்கள். எனவே காலையை ஊருக்குள் கழியுங்கள். மாமியார் கோயிலுக்குப் போக விரும்பினால் ரயிலை விட்டு இறங்கியதும் நேராகத் தளி மகாதேவர் கோயிலுக்குப் போய்விட வேண்டும். கேரளக் கோயில்கள் பெரும்பாலும் முற்பகலிலேயே நடை சாத்தி, மாலையில்தான் திறக்கும். உங்கள் கணவர் வேட்டி எடுத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் குற்றிச்சிறைக் குளத்தருகே மிஷ்கால் பள்ளிவாசல் இருக்கிறது. மினார் இல்லாமல், அடுக்கடுக்கான ஓட்டுக் கூரையும் மரவேலையுமாகக் கோயில் கட்டடம் போலவே தோன்றும் அதனை 1510-இல் போர்த்துகீசியர் தீவைத்துச் சேதப்படுத்தினர். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மிட்டாய்த் தெருவில் அல்வா வாங்கலாம். துண்டு துண்டாக வெட்டி ருசி பார்க்கக் கொடுப்பார்கள், அதற்காகவே கடை கடையாக ஏறி இறங்கினாலும் குற்றமில்லை.

நான்கு மணிக்கு மேல் கடற்கரை. உப்புநீரில் ஊறிய நெல்லிக்காயும் மாங்காயும் அன்னாசித் துண்டும் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக நிற்கும் தள்ளுவண்டிகளை அங்கே காணலாம். கல்லுமக்காய் என்னும் சிப்பியை அரிசி மாவு அடைத்துப் பொரித்து விற்பார்கள். அசைவம் உண்பவர்கள் அதை விட்டுவிடக் கூடாது. திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள். யானைகள் பாதையைக் கடக்கும் வாளையாறு, எட்டிமடைப் பகுதியில் இரவு ரயில்களின் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதால், வீடு சேரும் நேரத்தை இழுத்தே கணக்கிடுங்கள்.

கேள்வி: ஆடி மாதத்தில் கம்பெனிக்கு விடுமுறை கிடைக்கிறது. அப்போது மேற்குக் கரைக்குப் போய்க் கடலில் குளிக்கலாமா?
— வாசகர், பெருந்துறை

பதில்: வேண்டாம். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கும்போது அந்தக் கடல் கொந்தளித்துக் கிடக்கும். கால் நனைக்கக்கூட இறங்காமல் ஒதுங்கி நிற்பதே நல்லது. மீனுக்காகப் போவதானாலும் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை, 52 நாள், கேரளத்தில் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. நம் கிழக்குக் கரையில் அந்தத் தடை ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் போங்கள்.