செயற்கைக்கோள் காற்றைத் தொடாமலே அதன் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் எப்படி அளக்கிறது?

தோசைக்கல்லின் மேல் கையை நீட்டினாலே அது காய்ந்துவிட்டதா என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவி செய்வதும் அதுதான். காற்றிலுள்ள ஆக்சிஜன் 50 முதல் 60 கிகாஹெர்ட்ஸ் வரையிலான மெல்லிய நுண்ணலைகளை இயல்பாகவே வெளியிடுகிறது. சூடு கூடினால் அவற்றின் வலிமையும் கூடும். 60-ஐ நெருங்கும் அலைகளை வழியிலுள்ள காற்றே விழுங்கிவிடுவதால், கலங்கிய குளத்தில் பார்ப்பதுபோல் மேலடுக்கு மட்டுமே தெரியும். 50-ஐ ஒட்டியவை தெளிந்த நீர்போல, தரைவரை தெரியும்.

மேகம் இவற்றைப் பெரிதாக மறைப்பதில்லை. எனக்கு வியப்பூட்டுவது இதுதான்: புயலின் நடுவே உயரத்தில் தேங்கியிருக்கும் வெப்பத்தைக்கூட அளக்கலாம். சூடான காற்று எடை குறைந்தது; மேலுள்ள காற்றின் எடைதான் கீழே அழுத்தமாகிறது. அதைக் கொண்டு புயல் மையத்தின் அழுத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

நுண்ணலை அடுப்பைப் போல இக்கருவி அலைகளைப் பாய்ச்சுவதாகப் பலர் நினைக்கிறார்கள்; இது எதையும் அனுப்புவதில்லை, வருவதை வாங்கிக்கொள்ள மட்டுமே செய்கிறது.