பிரிக்காத வயர் சுருள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் சேர்ந்து ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்தை, இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானத்தை, மீட்டெடுத்துக்கொண்டிருக்கிறோம். மின்பாகங்கள் எல்லாமே அசலாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். அடையாள விளக்குக்கான சுவிட்ச் பெட்டி எங்கே கிடைக்கும்? இருட்டில் ஒளிர ரேடியம் பூசிய மீட்டர் முகப்பைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாமா? போர்க்காலத்துப் பருத்தி உறை வயர் ஒருவரிடம் பிரிக்காத சுருளாக இருக்கிறது. அதையே விமானத்தில் போட்டுவிட ஆசை.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ரேடியம். சுரண்டாதீர்கள். ஒளி மங்கியதற்குக் காரணம், கூடச் சேர்த்த துத்தநாக சல்ஃபைடு கெட்டுப்போனதுதான். கதிர்வீசும் ரேடியம் அப்படியே இருக்கிறது. அதன் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். அந்தத் தூள் உடம்புக்குள் போனால் எலும்பில் தங்கிவிடும். அந்த வேலைக்கு அனுமதி பெற்றவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

சுவிட்ச் பெட்டி ஏலங்களில் வரும். கிரீட முத்திரை, ஏ.எம். (ஏர் மினிஸ்ட்ரி) என்ற எழுத்துகள், 5சி என்று தொடங்கும் எண், இவை மூன்றையும் பாருங்கள். 5சி என்பது பிரிட்டிஷ் விமான அமைச்சகம் மின்சாதனங்களுக்கு வைத்த பிரிவு. தொடக்க கால ஸ்பிட்ஃபயர் 12 வோல்ட், அதே காலத்து லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் 24 வோல்ட். விளக்கு, ரிலே வாங்கும்போது இதில் ஏமாறாதீர்கள்.

சரி, அந்த வயர் சுருள். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

என் அப்பா வால்வு ரேடியோ பழுதுபார்த்தவர். ஒருநாள் ஒரு பழைய பெட்டியைத் திறந்தார். உள்ளே துணி சுற்றிய வயர் பளபளவென்று இருந்தது. "நல்லாத்தானே இருக்கு அப்பா" என்றேன். பதில் சொல்லாமல் அதை என் உள்ளங்கையில் வைத்து வளைத்தார். துணிக்குள்ளிருந்து ரப்பர் கரித்தூளாகக் கொட்டியது. அப்புறம் வெறும் செம்பு.

யாரும் தொடாவிட்டாலும் ரப்பர் மூப்படையும். காற்று அதை இறுக்கும், விரிசல் விடவைக்கும். பதப்படுத்தச் சேர்த்த கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால்தான் அன்றே கம்பிக்கு வெள்ளீயம் பூசினார்கள். சுருள் பிரிக்காமல் இருந்தால் காலம் உள்ளே போகாது என்று யார் உங்களுக்குச் சொன்னது? இந்த விமானம் பறக்கப்போகிறதா, காட்சிக்கு நிற்கப்போகிறதா என்று ஒரு வரிகூட எழுதவில்லையே! நிற்பதென்றால், மின்சாரம் கொடுக்காதவரை எதையும் மாட்டுங்கள். பறப்பதென்றால், விமானியின் முழங்காலுக்குப் பக்கத்தில், பெட்ரோல் டாங்குக்குப் பின்னால், அந்தக் கரித்தூளையா ஓடவிடுவீர்கள்? அசல் மீது உள்ள காதலால் ஓர் ஆளைக் கொல்லலாமா?

காதல் எனக்கும் உண்டு. 1940இல் பிரான்சின் கலே அருகே கடற்கரையில் விழுந்து, 1986இல் மணலிலிருந்து வெளிப்பட்ட என்3200 ஸ்பிட்ஃபயர், 2014இல் மறுபடி பறந்ததைப் படித்துக் கண் கலங்கியவன் நான். அதனால்தான் இவ்வளவு கோபம்.

சுருளை வாங்குங்கள், மாதிரிக்காக. பின்னலையும் நிறத்தையும் பார்த்து அதேபோலப் பருத்தி உறை நெய்யச் சொல்லுங்கள். உள்ளே 150 டிகிரி செல்சியஸ் தாங்கும் டெஃப்செல் என்ற பிளாஸ்டிக் உறை போட்ட வயர் ஓடட்டும். பிவிசி மட்டும் வேண்டாம், எரிந்தால் அதன் புகையில் அமிலம் இருக்கும். வாங்கியதும் ஓரடி வெட்டி, வெள்ளைத்தாள் மேல் வைத்து வளைத்துப் பாருங்கள். தாளில் என்ன விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள்.